உஷ்... ரெக்கார்டிங் போகுது!

முதலில் மரக்கரி வேண்டும். அதை மாவாகப் பொடித்து, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கறுப்புக் குழம்பைச் சின்னத் தூரிகையால் தொட்டு, பேசப்போகிறவரின் நாக்கில் பூச வேண்டும். அவர் எச்சில் விழுங்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. (நாக்கு முழுக்கக் கரியோடு சிரிக்காமல் இருக்க யாரால் முடியும்!) ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, வாயை ‘ஆ’வென்று திறந்தபடி அப்படியே உட்கார வேண்டும். உடனே ஒரு கண்ணாடியை வாய்க்குள் சாய்த்துப் பிடித்து மேலண்ணத்தைப் படம் எடுப்பார்கள். நாக்கு எங்கே தொட்டதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். ஒலி பிறந்த இடம் கைரேகைபோல் அப்படியே பதிந்திருக்கும்.

பீட்டர் லடெஃபோகட் என்ற ஒலியியல் அறிஞர் உலகமெங்கும் தூக்கிக்கொண்டு போன வித்தை இது. 1964-ல் வந்த ‘மை ஃபேர் லேடி’ படத்துக்கு ஒலியியல் ஆலோசகராக இருந்தவர் அவர். அந்த ஹாலிவுட் ஆள் நீலகிரிக்கு எதற்கு வந்தார் தெரியுமா? மூன்று ‘ர’ கேட்க!

அங்கே வாழும் தோடர் பழங்குடியினரின் மொழியில் நாக்கை உருட்டி அதிரவைக்கிற ரகரம் மூன்று இடங்களில் பிறக்கிறது. ஒன்று பல்லை ஒட்டி, ஒன்று அதற்குச் சற்று மேலே, இன்னொன்று நாக்கை வளைத்து. மூன்றுக்கும் யகரச் சாயல் கலந்த இன்னொரு வடிவமும் உண்டு. ஆக ஆறு! நாம் எழுத்தில் ர, ற என்று இரண்டை வைத்துக்கொண்டு, பேச்சில் அந்த வேறுபாட்டையும் பெரும்பாலும் கரைத்துவிட்டோம். ஊட்டியைச் சுற்றியிருக்கிற மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) 2011 கணக்குப்படி சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள ஒரு சமூகத்தில் இந்த ஆறும் புழங்குகின்றன. லடெஃபோகட்டும் நம் நாட்டு மொழியியலாளர் பெரி பாஸ்கரராவும் சினிஷா ஸ்பாயிச் என்ற ஆய்வாளரும் சேர்ந்து, இந்த ரகரங்களைப் பற்றி மட்டும் 1996-ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார்கள்.

என்னைத் துள்ளவைத்தது அடுத்த விஷயம். லடெஃபோகட் வேலை பார்த்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம், தன்னிடமிருந்த பழைய ஒலிநாடாக்களையெல்லாம் டிஜிட்டலாக்கி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. தோடர் மொழியும் அதில் உண்டு. காசு வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். கோத்தகிரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மலையில் பிறந்த சொற்களைப் பசிபிக் கரையிலிருந்து வரவழைத்துக் கேட்டேன். சிலிர்த்துவிட்டது.

கேட்டதோடு நிற்க மனம் வருமா? ஆம்ஸ்டர்டாமில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியைப் போட்டால் அதைப் படமாகக் காட்டும். ஒரு ரகரத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறப் பரப்பில் செங்குத்தாகக் கறுப்புக் கோடு, ஒரு வெள்ளை இடைவெளி, மறுபடி கோடு, மறுபடி இடைவெளி. அந்த வெள்ளை ஒவ்வொன்றும் நாக்கு நுனி மேலே தட்டி ஒரு கணம் காற்றை அடைத்த நேரம்! உருட்டுகிற நாக்கு நொடிக்குச் சுமார் 25 முதல் 30 முறை தட்டுகிறது. பல வருஷம் முன்னால் பேசிய ஒரு மனிதரின் நாக்கு எத்தனை தட்டுத் தட்டியது என்று விரல் வைத்து எண்ண முடிகிறது.

இந்தக் கருவிகள் எதுவும் இல்லாமல் ஒருவர் இதே ஒலிகளைக் காதால் மட்டும் பிடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் 1904-ல் பிறந்த மரே எமனோ 1935-ல் ஊட்டிக்கு வந்தார். 1938 வரை இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர், படகர் என்று பேசுகிறவர்களோடு உட்கார்ந்து, சொல்லச் சொல்லக் கையாலேயே எழுதினார். ஆறு ரகரங்களையும் முதலில் பிரித்துச் சொன்னவர் அவர்தான். பின்னால் 1961-ல் தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் கொடுத்த அதே எமனோ. தோடர் பாட்டுகளை அவர் புத்தகமாகக் கொண்டுவந்தது 1971-ல். கேட்டதற்கும் அச்சில் வந்ததற்கும் நடுவே 33 வருஷத்துக்கு மேல்!

அந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்தால் நீங்களும் குதிப்பீர்கள். மூன்று மூன்று அசைகளாலான துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இணை. எருமைக்கு, புல்வெளிக்கு, கோயிலுக்கு, உறவுக்கு என்று அவர்கள் வாழ்க்கையில் உள்ள எல்லாவற்றுக்கும் இந்த இணைத் துண்டுகள் தயாராக இருக்கின்றன. ஏதாவது நடந்தால் அங்கேயே நின்று கோத்துப் பாடிவிடலாம். யாரைப் பற்றிப் பாட்டு என்று பளிச்சென்று சொல்ல மாட்டார்கள். ஊரையும் இடத்தையும் சாடையாகத் தொட்டுக் காட்டுவார்கள், கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். எமனோவின் நோட்டுப் புத்தகத்தில் சொல் முழுதாக இருக்கிறது. ஆனால் பாடியவரின் மூச்சும், கண்டுபிடித்துவிட்ட பக்கத்து ஆளின் சிரிப்பும்? அவை வேண்டுமென்றால் ஒலி வேண்டும்.

அதனால்தான் இன்று நீலகிரியில் பதிவு எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இவ்வளவு சந்தோஷம். வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

மலை அமைதியானது என்று யார் சொன்னது? ஒரு நல்ல மைக்கை வைத்து, ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். தகரக் கூரையில் மஞ்சு நீர் சொட்டுகிறது, டக்... டக். அடுத்த பள்ளத்தில் டீ ஃபேக்டரியின் வாட்டு மின்விசிறிகள் ‘ம்ம்ம்’ என்று இரைகின்றன. எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் உறுமுகிறது. கொண்டை ஊசி வளைவில் அரசு பஸ் ஹாரனை அழுத்தினால் அது மூன்று மலையில் மோதித் திரும்பி வருகிறது. சீகாரப் பூங்குருவி ஒன்று தன் பாட்டுக்கு விசிலடிக்கிறது. (அதையும் பதிவுசெய்யத்தான் தோன்றும். செய்துகொள்வார்கள், தனிக் கோப்பாக.) இரண்டு வீடு தள்ளி டிவி சீரியலில் யாரோ அழுகிறார்கள். கடைசியாக, எல்லாரும் மறந்துபோகிற ஒரு வில்லன்: ஃபிரிட்ஜ்.

பேசும்போது காதில் விழாத அந்த ரீங்காரம் பதிவில் முழுசாக உட்கார்ந்துவிடும். எனவே அதை அணைத்தாக வேண்டும். அணைத்தால் கிளம்பும்போது மறந்துவிடுவோமே, பாவம், வீட்டுக்காரர் பால் கெட்டுப்போகுமே? இதற்கு ஒலிப்பதிவுக்காரர்கள் உலகமெங்கும் வைத்திருக்கிற தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிடுவார்கள்! சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. சாவியை எடுக்கத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, சுவிட்ச் நினைவுக்கு வந்துவிடும்.

அடுத்தது மைக்கின் மேல் மாட்டுகிற ரோமப் போர்வை. நீலகிரிக் காற்று வெறும் மைக்கில் பட்டால் இடி இடிப்பதுபோல் கேட்கும். இந்த ரோமம் காற்றை உடைத்து அனுப்பும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய திருவிழா. தடவிப் பார்க்காமல், பெயர் வைக்காமல் விட மாட்டார்கள். அவர்களை விரட்டக் கூடாது என்பது அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம். தொட்டுப் பார்க்கவிட்டு, ஹெட்போனை ஒரு நிமிஷம் காதில் மாட்டிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளே ஊரைக் காவல் காத்து ‘உஷ்... உஷ்...’ என்று எல்லாரையும் அடக்குவார்கள்.

பாட்டிமாரின் கண்ணாடி வளையல் அடுத்த சவால். கதை சொல்லும்போது கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு ‘அப்புறம்’ வரும்போதும் ‘கிணிங்’. வளையலைக் கழற்றச் சொல்ல எந்த விவரமான பதிவாளருக்கும் வாய் வராது. மேலே ஒரு கைக்குட்டையைத் தளர்வாகச் சுற்றிவிடுவார்கள். சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தினால் துணி உரசும் ‘சர்ரக்’ வரும். அதனால் மைக்கை முழங்கை நீளத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு ஸ்டூலில் வைப்பதே மேல். மழை வலுத்துவிட்டதா? ஜீப் இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டால் நீலகிரியின் மிகச் சிறந்த ஸ்டுடியோ அதுதான்.

எல்லாம் தயாரானதும் பதிவாளர் முதலில் சொல்வது தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், மொழி. பிறகு ஒரு கேள்வி: இதை யாரெல்லாம் கேட்கலாம்? அந்தப் பதிலும் அவர் குரலிலேயே பதிவாகும். முடிந்ததும் அரை நிமிஷம் யாரும் அசையாமல் உட்கார்ந்து, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்வார்கள். பின்னால் ஒட்டு வேலைக்கும் சத்தத்தைக் குறைக்கவும் அது வேண்டும். பாட்டிகளுக்கு இந்த அரை நிமிஷம் புரியவே புரியாது. “சும்மா இருக்கறதயா புடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, சரியாகப் பதினைந்தாவது நொடியில் சிரிப்பார்கள். மறுபடி முதலிலிருந்து!

கோத்தர் ஊருக்குப் போனால் பிரச்சினை தலைகீழ். அங்கே சத்தம் போதாது என்ற பேச்சே கிடையாது. ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் குயவர்கள், கொல்லர்கள், எல்லாவற்றுக்கும் மேலே இசைக்காரர்கள். ஒரு காலத்தில் தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்கும் அவர்களே வாசித்தார்கள். மூச்சு அறுபடாமல் ஊதுகிற குழல், பித்தளைக் கொம்பு, பக்கத்திலேயே பறைகள். கொம்பு ஒரு முறை வாய் திறந்தால் மீட்டரின் முள் சிவப்பில் போய் முட்டிக்கொள்ளும். அப்படி முட்டிச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரியாக்க முடியாது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு போகும். ஒன்று சாதாரண அளவில், இன்னொன்று பல டெசிபல் குறைத்து. ஒன்று சிதைந்தால் மற்றது காப்பாற்றும்.

கருவிச் சிக்கல் அவ்வளவுதான். பெரிய விஷயம் வேறு. ஹார்வர்டின் ரிச்சர்ட் வுல்ஃப் 1990-களின் தொடக்கத்தில் கோத்தரோடு தங்கி அவர்கள் இசையைப் படித்தவர். அவர் எழுதிய ‘தி பிளாக் கவ்ஸ் ஃபுட்பிரின்ட்’ நூலைப் படித்தால் தெரியும்: கோத்தருக்குக் கடவுளுக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு, ஆட்டத்துக்கான மெட்டு வேறு. இவற்றைக் கலக்க மாட்டார்கள். ‘அண்ணா, சாம்பிளுக்கு ஒரு சாவு மெட்டு வாசிங்களேன்’ என்று நல்ல நாளில் போய்க் கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று யோசியுங்கள். டேப்புக்குத் தெரியாது அது எந்த மெட்டு என்று. கோப்புக்கும் தெரியாது. ‘கோத்தர் இசை 01, 02, 03’ என்று வரிசையாகப் பெயர் போட்டு வைத்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேரன் கல்யாணத்தன்று தெரியாமல் மூன்றாவதை அழுத்திவிடுவான். ஆகவே எந்த மெட்டு, எந்த வேளை, யார் முன்னால் என்ற குறிப்பு ஒலிக்குச் சமமான செல்வம். அதை எழுதாத பதிவை நான் பாதிப் பதிவு என்றுதான் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடியினர் இதற்கு அழகான வழி கண்டார்கள். ‘முகுர்ட்டு’ என்ற மென்பொருள் அவர்களோடு சேர்ந்து பிறந்தது. இன்ன பதிவை இன்னார்தான் திறக்கலாம், இதைப் பெண்கள் மட்டும், அதை இந்தக் குடும்பம் மட்டும் என்று சமூகமே பூட்டும் சாவியும் வைத்துக்கொள்ளலாம். நீலகிரிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது!

தோடர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டக் கூரையும் ஆள் தவழ்ந்து நுழைகிற குட்டி வாசலுமாக, ஊட்டி போஸ்ட் கார்டுகளில் பார்த்திருப்பீர்கள். பெண்களும் வெளியாட்களும் உள்ளே போக முடியாது. எனவே கேமராவும் போகாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ட்ரோனையும் முப்பரிமாண ஸ்கேனையும் கொண்டுவந்து நிற்கிற கூரையை மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பதைவிட, அந்தக் கூரையை மறுபடி வேய்கிற நாள்களை முழுசாக வீடியோ எடுப்பதே எனக்குப் பெரிய பதிவு. மூங்கிலும் பிரம்பும் வருகின்றன. குறிப்பிட்ட புல்லைத் தேடி ஆட்கள் மலை ஏறுகிறார்கள். எத்தனை கைகள், எத்தனை பேச்சு! ஊட்டியில் பல் மருத்துவரான தருண் சாப்ரா பல வருஷம் தோடரோடு நடந்து ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ என்ற நூலை 2015-ல் கொண்டுவந்தார். அதைப் படித்தபின், அந்தப் புல் எங்கே வளர்கிறது என்பதும் கோயிலின் ஒரு பகுதிதான் என்று எனக்குப் பட்டது.

சரி, பதிவு முடிந்தது, மைக் பெட்டிக்குள் போய்விட்டது. இனிதான் உண்மையான கூத்து!

நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட், இரண்டு தடம் என்று சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 1 ஜிபி. எம்பி3-யாகச் சுருக்கினால் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் சுருக்குகிற மென்பொருள் ‘மனிதக் காதுக்கு இது தேவையில்லை’ என்று தானே முடிவுசெய்து சில ஒலிகளைத் தூக்கிப் போட்டுவிடும். எதைத் தூக்கிப் போடும் என்று முன்கூட்டித் தெரியாது. தோடரின் மூன்றாவது ரகரத்தில் அது கை வைக்க வேண்டாம் என்றுதான் ஆவணக்காரர்கள் பெரிய கோப்பையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பிறகு மூன்று பிரதி, வெவ்வேறு இடத்தில். ஊட்டி ஈரத்தில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். லென்ஸில் பிடிக்கும், பழைய கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம்: மழை மாதங்களில் இதுதான் மலையின் ஆவணக் காப்பகம்.

அதன்பின் எழுத்துப்பெயர்ப்பு. நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் தருகிற ‘ஈலான்’ என்ற மென்பொருளில் ஒலி அலை மேலே ஓடும். கீழே ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டி, சொன்னதை எழுதி, பொருள் எழுதி, குறிப்பு எழுத வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிப்பது சர்வ சாதாரணம். சலிப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊர் இளைஞர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பெரியவரை உட்காரவைத்து, ஒரே இரண்டு நொடியை ஒன்பது முறை திருப்பிப் போடுகிறார். பெரியவர் தலையை ஆட்டி, “அது இல்லப்பா” என்கிறார். “பின்ன என்னங்க?” அதற்குப் பதிலாக ஒரு கதை வருகிறது. கதைக்குள் ஒரு ஓடையின் பெயர் வருகிறது. ஓடையின் பெயரைக் கேட்டு உள்ளேயிருந்து அவர் தங்கை எட்டிப் பார்த்து, “அந்த ஓடை இல்ல, இந்தப் பக்கத்து ஓடை” என்கிறார். இளைஞர் சட்டென்று இன்னொரு ரெக்கார்டரை ஓடவிடுகிறார்! முதல் பதிவு இரண்டாவது பதிவைப் பெற்றுவிட்டது.

இப்படித் திருப்பிப் போட்டுக் காட்டுவதில்தான் பதிவு வளர்கிறது. நான் இந்த வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்துப் பார்த்து உறுதியாக நம்புவது இதைத்தான். மைக்குக்கு முன்னால் ஒருவர் சொல்வது அவர் நினைவில் அன்றைக்கு மேலாக மிதப்பது. தன் குரலைத் தானே கேட்கும்போதும், தன் ஆட்களோடு உட்கார்ந்து கேட்கும்போதும், அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும்.

உலகம் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1890-ல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்பவர் எடிசனின் மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பாஸமக்வாடி மக்களிடம் போனார். களத்துக்குப் போய்ப் பாட்டைப் பதிவுசெய்ததில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது. உருளைகள் காப்பகத்துக்குப் போய்விட்டன. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அவற்றை டிஜிட்டலாக்கிச் சமூகத்திடம் கொடுத்தது. வெளியார் தப்புத்தப்பாக எழுதி வைத்திருந்த தலைப்புகளை அந்த மக்களே கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். பாட்டுகள் மறுபடி வாய்க்கு வந்தன. நம் நாட்டிலும் 1982-ல் தொடங்கிய இசை ஆவண மையம் ஒன்று குருகிராமில் இருக்கிறது, அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கீழ். வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிவுசெய்து கொண்டுபோன இசையின் பிரதிகள் இந்தியாவிலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் பிறப்புக் காரணங்களில் ஒன்று.

மலையிலேயே திருப்பிப் போட்டுக் காட்ட ஒரு பெரிய ஒலிபெருக்கி வேண்டுமென்றால்? அதுதான் சமுதாய வானொலி! 1993-ல் தொடங்கி இப்போது கோத்தகிரியில் இயங்கிவரும் கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் எடுக்கும் மக்களோடு வேலை தொடங்கிய அமைப்பு. அவர்கள் முயற்சியில் வந்தது ரேடியோ கோத்தகிரி. தமிழோடு இந்த மலையின் மொழிகளும் அதில் பேசுகின்றன. இந்தியாவின் முதல் வளாக வானொலி 2004 பிப்ரவரி 1-ல் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்எம்’ என்று பிறந்தது என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. அந்தக் குடும்பத்தின் மலைவாழ் தங்கை இது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் சக்தி 100 வாட்தான், ஒரு பழைய குண்டு பல்ப் அளவு. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். ஒரு வளைவில் பாட்டு கணீரென்று வரும். அடுத்த வளைவில் ‘கிர்ர்ர்’. அதற்கடுத்த வளைவில் மறுபடி அதே பாட்டு! கேட்கிறவருக்கு எந்த வளைவில் எந்த அலை கிடைக்கும் என்பது மனப்பாடம். ஃபேக்டரி ஷிஃப்டிலும் அடுப்படியிலும் தன் பெரியம்மாவின் குரல் ரேடியோவில் வந்தால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

அரசாங்கமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000-க்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை 2013-ல் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிவளங்களையும் ஒலிவடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். முதுமலைப் பக்கம் பெட்ட குறும்பர் மொழிக்கு மொழியியலாளர் கெயில் கோயல்ஹோ பல வருஷம் உழைத்து, விளக்கக் குறிப்புகளோடு ஒரு முழுக் கதைத் தொகுதியை 2018-ல் வெளியிட்டார். இந்த 2 கோடியில் என் ஆசை ஒன்றே ஒன்று. எடுக்கிற ஒவ்வொரு பதிவின் ஒரு பிரதி அந்த ஊரிலேயே, ஊர்ப் பிள்ளைகள் கையிலேயே இருக்க வேண்டும். ஊரிலேயே ஒருவருக்கு ஈலானும் பிராட்டும் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து போகிற நிபுணர் ஒன்பது முறை கேட்டாலும் பிடிபடாத ரகரம் அந்தப் பிள்ளைக்கு ஒரே முறையில் பிடிபடும்.

பழங்குடி மொழிகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் எஸ்டேட்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நியாயமான கோபம். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின், இலங்கையின் தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கின. மண்டபம் முகாமைத் தாண்டி நீலகிரிக்கு வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்று நாம் டான்டீ என்கிறோமே, அதுதான். அந்தக் குடும்பங்கள் ட்ரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது கொஞ்சம், நெஞ்சில் கொண்டுவந்தது அதிகம். கொழுந்துப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து! இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை அந்த மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டம் ஈழத்து நூல்களோடு, மலையகத்தின் படங்களையும் வாய்மொழிகளையும் சேர்த்துவருகிறது. கடலின் இந்தப் பக்கம் வந்துவிட்ட பாதிப் பாட்டுகள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கின்றன. அவற்றை எடுக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. இப்போதைய செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைத்தால் போதும்.

கோத்தகிரி பக்கம் ஒரு லயத்தில், கல்லூரியில் படிக்கிற பேத்தி அப்படித்தான் வைத்தாள். தேதி சொன்னாள், ஊர் சொன்னாள், அப்பாயியின் பெயர் சொன்னாள். அப்பாயி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாலாட்டை முழுசாகப் பாடி முடித்தார். அரை நிமிஷ அமைதியும் ஆயிற்று. பேத்தி அதைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்து லயத்து அம்மாக்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். பாட்டு பாதி போயிருக்கும். ஒருவர் பொறுக்க மாட்டாமல் உள்ளேயே வந்துவிட்டார்.

“நிறுத்து, நிறுத்து. ஏக்கா, ரெண்டு வரிய முழுங்கிட்டீங்களே!”

“எந்த ரெண்டு வரி?”

“மாமன் சீரு கொண்டாந்தது எங்க போச்சு? எங்கம்மா பாடறப்ப அது இல்லாம தொட்டில ஆட்டவே மாட்டாங்க.”

“அது உங்க தோட்டத்துப் பாட்டு. எங்க தோட்டத்துல அப்டி இல்ல.”

“அதெப்படி இல்லாம போகும்? பதுளையில எல்லாருமே அப்டித்தான் பாடுவாங்க!”

“நாங்க பதுளையா? நாங்க நுவரெலியா!”

இரண்டு மாவட்டத்துத் தாலாட்டு, ஒரே லயத்தில்! பேத்தி துள்ளிக் குதித்துச் செல்போனை மறுபடி துண்டின்மேல் வைத்தாள். வந்தவரை அப்பாயிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். கோப்பு எண் இரண்டு, தேதி அதே, ஊர் அதே, பாடுகிறவர்கள் இருவர். “நீங்க உங்க மாதிரி பாடுங்க, அப்பாயி அவங்க மாதிரி பாடட்டும். ஒருத்தர் பாடறப்ப இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது, சரியா?” இருவரும் தலையாட்டினார்கள். அந்த வாக்கை யாரும் காப்பாற்றப்போவதில்லை என்று வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

“இரு, எங்க வீட்டுக் குக்கர் இன்னும் ஒரு விசில் இருக்கு” என்று யாரோ ஓடினார்கள். இன்னொருவர் டிவியை அணைக்கப் போனார். பேத்தி ஃபிரிட்ஜைத் திறந்து ஸ்கூட்டர் சாவி உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.